மார்கழிப் பனியும் வறண்ட தோலும்

மார்கழியில் முழங்காலுக்குக் கீழே நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள், வெள்ளைக் கோடு விழும். பனிக்காற்றில் ஈரம் குறைவு. தோலிலிருக்கும் நீரை அது வாங்கிக்கொள்கிறது. நாமோ கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றி, சோப்பையும் தேய்த்து, மிச்சமிருக்கும் எண்ணெய்ப் பசையையும் கழுவிவிடுகிறோம். சுகமாகத்தான் இருக்கும், யார் இல்லையென்றது! ஆனால் வெதுவெதுப்பான நீரே போதும். பத்து நிமிடத்துக்குள் குளித்துவிட்டு, துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் காயும் முன்பே தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். எண்ணெய் ஈரத்தைக் கொடுக்காது. இருக்கிற ஈரத்தை வெளியே விடாது. அதனால்தான் காய்ந்த தோலில் தடவினால் அவ்வளவு பலனில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் குதிகாலில் வெடிப்பு இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். கால்விரல் இடுக்கில் மட்டும் எண்ணெய் வேண்டாம். வெடிப்பில் ரத்தமோ சீழோ தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.