தறியை நிறுத்துங்கள்



பொதட்டூர்ப்பேட்டைப் பக்கம் ஒரு வீடு. வீட்டுக்குள்ளேயே இரண்டு விசைத்தறி. லுங்கி ஓடிக்கொண்டிருக்கிறது. பதினைந்து வயதுப் பெண், பள்ளிக்கூடப் பையைக்கூட இறக்காமல் அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். ஒருவன் தன்னிடம் தவறாக நடந்ததை நின்றபடியே சொன்னாள். தறியை நிறுத்தச் சொல்லவில்லை. தறி ஓடுகிற நேரம் பார்த்துத்தான் சொன்னாள். அடுத்த அறையில் அப்பா. அவர் காதில் விழக் கூடாது. அம்மா காதிலும் பாதி விழுந்தால் போதும். மிச்சத்தை அம்மா கேட்கிறாளா பார்க்கலாம் என்று நின்றாள்.

அம்மா தறியை நிறுத்தினாள். நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அந்நேரத்துல அங்க உனக்கு என்னடி வேலை?"

அன்றைக்கு மூடிய வாய் திறக்க எட்டு மாதம் ஆனது. அந்த அம்மா கெட்டவள் அல்ல. இதை என்னிடம் அழுதுகொண்டே சொன்னவளும், மேடையில் சொல்லுங்கள் என்றவளும் அவள்தான். அந்தக் கேள்வியை அவள் வாயில் வைத்தவர்கள் நாம். நம் பாட்டி கேட்டாள், அத்தை கேட்டாள், ஊர் கேட்டது.

இந்தப் பக்கம் "மானம் போச்சு" என்கிறோம். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி நகரியில் அதையே தெலுங்கில் "பருவு போயிந்தி" என்கிறார்கள். எல்லைக்காகப் போராடிய ஊர் நம் திருத்தணி. ம.பொ.சி. தலைமையில் போராடித்தான் 1960 ஏப்ரல் 1-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். மகள் வாயை அடைக்கிற விஷயத்தில் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே பேச்சு! நான் கேட்கிறேன்: மேலே மலையில் உண்டியலை ஒருவன் உடைத்தால் மானம் போவது முருகனுக்கா, உடைத்தவனுக்கா? கோயிலுக்குத் தெரிகிற நியாயம் பெண்பிள்ளைக்கு மட்டும் ஏன் தலைகீழாகிறது?

அப்பாமார்களிடம் ஒன்று பேச வேண்டும். "எவன்டா அவன், வெட்டிப் போட்டுட்டு ஜெயிலுக்குப் போறேன்" என்கிறீர்கள். பாசம்தான், எனக்குத் தெரியும். ஆனால் மகள் காதில் அது எப்படி விழுகிறது? "நான் வாயைத் திறந்தால் அப்பா ஜெயிலுக்குப் போவார், தம்பி படிப்பு நிற்கும், அம்மா தறியில் தனியாகச் சாவாள்." அதனால் அவள் உங்களைக் காப்பாற்ற வாயை மூடிக்கொள்கிறாள். பதினைந்து வயதுக் குழந்தை நாற்பத்தைந்து வயது ஆணைக் காப்பாற்றுகிறது! அசுரரோடும் வேடரோடும் செய்த போரின் சினம் தணிந்து முருகன் அமர்ந்த மலை என்பதால்தான் தணிகை என்று பெயர் சொல்கிறோம். முன்னூற்று அறுபத்தைந்து படிக்கும் வருஷா வருஷம் பூஜை செய்கிறோம். அந்தத் தணிவை ஒரு ராத்திரி வீட்டுக்குள் கொண்டுவர முடியாதா? மகள் பேசும்போது உட்காருங்கள். "நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பில்ல, அப்பா இருக்கேன்" என்று சொல்லுங்கள். கோபத்தைக் காலையில் ஸ்டேஷனுக்கு எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே அது தேவைப்படும்.

பொள்ளாச்சியை நினைத்துப் பாருங்கள். 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி தனக்கு நடந்த பாலியல் கொடுமையை வீட்டில் சொன்னாள். அண்ணன் கூட நின்றார். புகார் கொடுத்ததற்காக அவரை அடித்தார்கள். மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே செய்தியாளர்கள் முன்னால் அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார். அரசாணையிலும் பெயர் அச்சானது. நாம் என்ன செய்தோம்? ஒரு பெண் கதறும் குரலைக் கைபேசியில் கேட்டு, "ஐயோ பாவம்" என்று அடுத்தவருக்கு அனுப்பினோம். இத்தனைக்கும் நடுவில் அந்த வீடு பின்வாங்கவில்லை. ஒரு வீடு நின்றதால் மற்ற வீடுகளும் வாய் திறந்தன. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. எட்டுப் பெண்களுக்கு 85 லட்சம் ரூபாய் இழப்பீடு. ஆறு ஆண்டுகளில் ஒரு சாட்சிகூடப் பிறழவில்லை! பணமும் மிரட்டலும் எந்தெந்த வாசல் வரைக்கும் வரும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அதன் அருமை புரியும்.

ஸ்டேஷன் என்றால் பயம். அந்தப் பயத்தை வைத்துத்தான் நம்மைத் திருப்பி அனுப்புகிறார்கள். "சம்பவம் நடந்தது நகரி, அது எங்க லிமிட் இல்லை" என்பார்கள். நம் பெண்கள் பஸ்ஸிலும் ரயிலிலும் தினமும் எல்லை தாண்டிப் போய்வருகிறவர்கள். எங்கே நடந்திருந்தாலும் இங்கேயே புகார் கொடுக்கலாம். பூஜ்ய எண்ணில் முதல் தகவல் அறிக்கை போட்டு அவர்கள்தான் அந்த ஊருக்கு அனுப்ப வேண்டும். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 173-ஆம் பிரிவு இது. பதினெட்டு வயதுக்குள் என்றால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம். வாக்குமூலம் வாங்க வருகிற போலீஸ் யூனிஃபார்மில் வரக் கூடாது. பிள்ளை விரும்பினால் உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே எழுத வேண்டும். ராத்திரி ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும், நீங்கள் கூடவே இருக்கலாம். தனியார் ஆஸ்பத்திரியும் காசு கேட்காமல் வைத்தியம் பார்த்தாக வேண்டும். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

பள்ளிக்கூடத்திலேயே நடந்தால்? ஆசிரியர் தினத்துக்குக் காரணமான ராதாகிருஷ்ணன் பிறந்த ஊரில் நின்று சொல்கிறேன்: புகாரை மறைக்கிற தலைமை ஆசிரியருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. 2021 நவம்பரில் கோவையில் ஆசிரியரின் தொல்லையால் பதினேழு வயது மாணவி உயிரை விட்டபோது, தெரிந்தும் சொல்லாததற்காகப் பள்ளி முதல்வரும் கைதானார். அவளை இழந்த பிறகு வந்த கைது அது.

அப்புறம் வருவார்கள் பெரிய மனிதர்கள், ஸ்டாம்ப் பேப்பரோடு. "பொண்ணு வாழ்க்கைம்மா, பேசி முடிச்சிரலாம்." ராஜஸ்தானில் ஒரு ஆசிரியர் மாணவியின் வீட்டாரிடம் அப்படித்தான் எழுதி வாங்கினார். உயர் நீதிமன்றமும் வழக்கை ரத்து செய்தது. 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. இந்தக் குற்றத்தில் சமரசம் பேச அப்பனுக்கே உரிமை இல்லை என்றால், ஊர்ப் பெரியவருக்கு எங்கிருந்து வந்தது?

இன்னொரு "நல்லவர்" மாப்பிள்ளை பார்த்துக்கொண்டு வருவார். "சீக்கிரம் கட்டிக் குடுத்துரு." தாய்மார்களே, அடிபட்ட பிள்ளைக்கு நாமும் சேர்ந்து தண்டனை கொடுப்பதா? தப்புச் செய்தவன் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறான். இவளுக்குப் பள்ளிக்கூடம் நிற்கிறது, போன் பிடுங்கப்படுகிறது, ஜன்னல் சாத்தப்படுகிறது. அந்தப் போனில்தான் அவன் அனுப்பிய மெசேஜ் இருக்கிறது, அழித்துவிடாதீர்கள். அவள் சிநேகிதியும் அதில்தான் இருக்கிறாள். அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும். சில நாள் எழுந்திருக்க மாட்டாள், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளுவாள், உங்கள் மேலேயே எரிந்து விழுவாள். விழட்டும். உங்களை விட்டால் யார் மேல் விழுவாள்?

அந்தத் தறி வீட்டுப் பெண் இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். வழக்கு நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா அப்பா கூடவே போகிறார். அந்த நாளில் இரண்டு தறியும் நின்றுவிடும்.

பேச்சு முடிந்ததும் நான் மேடைக்குப் பின்னால், அந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். கூட ஒரு வக்கீல் அம்மாவும் இருக்கிறார். பத்தரை மணி வரை இருப்போம். மகளை அழைத்து வர வேண்டாம், பேரும் சொல்ல வேண்டாம். மைக்கை இப்போதே நிறுத்தச் சொல்லிவிடுகிறேன்.