சராசரிக்குள் மறையும் வறுமை



2004 டிசம்பர் 20ஆம் தேதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஒரு முடிவெடுத்தது. மிகப் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து மாலத்தீவு வெளியேறலாம் என்பது அந்த முடிவு. மீன்பிடித் தொழிலும் சுற்றுலாவும் அந்தச் சின்னஞ்சிறு தீவு நாட்டின் தனிநபர் வருமானத்தை உயர்த்தியிருந்தன. ஆனால் ஆறே நாளில் சுனாமி வந்தது. நூறு பேருக்கு மேல் மாண்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். ஓராண்டு தேசிய வருமானத்தில் பாதிக்கும் மேலான சேதம். பட்டியலிலிருந்து வெளியேறுவது தள்ளிப்போய், 2011 ஜனவரியில்தான் நடந்தது.

வருமானம் உயர்ந்தால் உதவி குறையும். சலுகைக் கடனும் வரிச்சலுகையும் படிப்படியாக நிற்கும். ஆனால் ஒரே அலையில் எல்லாம் போய்விடும் அபாயம் அப்படியேதான் இருக்கும். அந்த அபாயத்தையும் கணக்கில் எடுங்கள் என்று சிறு தீவு நாடுகள் நெடுங்காலம் போராடின. அதற்கான அளவுகோலை ஐ.நா. ஏற்றது 2024இல்தான்.

இது எங்கோ நடுக்கடலில் நடந்த கதை என்று விட்டுவிட முடியாது. சுனாமிக்கு மறு ஆண்டு, 2005 ஆகஸ்ட் 27ஆம் தேதி, மலேசியாவின் சிலாங்கூர் வளர்ச்சியடைந்த மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அதன் தலைநகரான ஷா ஆலம் எழுந்த மண், ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும் நின்ற தோட்ட மண். கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. அங்கே பால் வெட்டிய நம் தமிழ் மக்கள் எங்கே போனார்கள்?

தோட்டம் தனியார் நிலம். அதனால் கிராமப்புற மேம்பாட்டுக்கு அரசு ஒதுக்கிய பணம் பெரும்பாலும் தோட்டத்து வாசலோடு நின்றது. வீடும் நிர்வாகத்தின் வீடு. தோட்டம் மூடப்பட்டபோது வேலையோடு கூரையும் போயிற்று. பலர் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்தார்கள். முன்பு கிராமத்தார் என்று எண்ணப்படாதவர்கள், இப்போது நகரத்தார் ஆனார்கள். நகரத்தின் சராசரியோ உயர்ந்த சராசரி. அதற்குள் அவர்கள் மறைந்துபோனார்கள்.

எவ்வளவு ஆழமாக மறைந்தார்கள் என்பதற்கு இரண்டு கணக்குகள் சொல்கிறேன். 2016இல் மலேசியாவின் வறுமை விகிதம் 0.4 விழுக்காடு. அப்போதைய வறுமைக் கோடு ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 ரிங்கிட். 2019இல் வறுமை குறித்த ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் இங்கு வந்து, இந்தக் கோடு உண்மைக்குப் பொருந்தவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். 2020இல் அரசு கோட்டை 2,208 ரிங்கிட்டாக உயர்த்தியது. 2019ஆம் ஆண்டுக்கான வறுமை விகிதம் புதிய கோட்டின்படி 5.6 விழுக்காடு.

இரண்டாவது, 2018இல் வந்த யுனிசெப் ஆய்வு. கோலாலம்பூரின் மலிவுவிலை அடுக்குமாடிகளில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். வானுயர்ந்த கோபுரங்களின் நிழலில் வளர்ந்த பிள்ளைகள் இவர்கள்!

கோடு சரியாக இருந்தால் உதவியும் சரியான வாசலுக்குப் போகும். சரியான வாசலுக்குப் போன உதவி பயன் தரும் என்பதற்கும் நம்மிடமே சான்று உண்டு. வங்காளதேசத்தின் கிராமீன் வங்கியைப் பின்பற்றி, 1986இல் வடமேற்குச் சிலாங்கூரில் ஒரு சோதனை முயற்சி தொடங்கியது. அடமானம் இல்லை; ஏழைப் பெண்கள் சிறு குழுவாகச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் துணைநின்று, வாரந்தோறும் கடனைத் திருப்பிக் கட்டினார்கள். 1987இல் அது அமானா இக்தியார் மலேசியாவாக வளர்ந்தது. அதன் வழியே இந்தியப் பெண்களுக்கென்றே ‘பெண்’ கடனுதவித் திட்டம், 5 கோடி ரிங்கிட் ஒதுக்கீட்டுடன், 2024இல் வந்தது. வரவேற்போம். ஆனால் தாமதமாக வந்தது என்பதையும் நினைவில் வைப்போம்.

இனி ஒரு வேண்டுகோள். அரசின் உதவிகள் பலவற்றுக்கு, ஏழைக் குடும்பங்களுக்கான இ-காசே பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். படிவம் நிரப்பத் தெரியாததாலும், அலுவலகப் படியேறத் தயங்குவதாலும் பெயர் கொடுக்காமல் இருப்பவர்கள் உங்கள் மாடியிலேயே இருக்கலாம். தனியாகப் பிள்ளை வளர்க்கும் அக்காவாக இருக்கலாம். சேமநிதி தீர்ந்துபோன பெரியவராக இருக்கலாம். இந்த வாரம் அரைநாள் ஒதுக்கி, அவர்களைக் கையோடு மாவட்ட அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள். பட்டியலில் ஏறாத குடும்பத்தைத் தேடி அந்த உதவிகள் எதுவும் வராது.