வேலியடைப்பு

யாழ்ப்பாணத்துக் குடியிருப்பு வளவொன்றை அதன் வேலியை நீக்கி எண்ணிப் பார்த்தல் அரிது. கிணற்றடியின் மறைவும், ஆடு கோழிகளின் காவலும், தோட்டத்துக்கு வேண்டிய குழையும், வளவின் எல்லையும் ஆகிய நான்கும் அந்த ஓலை மறைப்பிலேயே அடங்கியிருந்தன. மதிலும் தகரமும் பெருகிவிட்ட இக்காலத்திலும் ஊர்ப்புறங்களில் ஓலை வேலிகள் முற்றாக ஒழிந்துவிடவில்லை. ஆனால் அவற்றைச் செப்பமாக அடைக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டனர்.

வேலிக்கு உயிர் கதியால். பூவரசு, கிளுவை, முள்முருக்கு, சீமைக்கிளுவை ஆகியவற்றின் முற்றிய கிளைகளை வெட்டி, மாரி மழையால் மண் நனைந்திருக்கும் காலத்தில் நாட்டினால் அவை வேர்கொண்டு தளிர்க்கும். உலர்ந்த கம்பைக் கறையான் சில ஆண்டுகளில் அரித்துவிடும். உயிர்க் கதியாலோ ஆண்டுக்காண்டு பருத்து உறுதி பெறும். அதன் குழை ஆட்டுக்குத் தீனி, வயலுக்குப் பசளை.

ஓலை கட்டும் வேலை கோடைக்கு உரியது. மழை ஓய்ந்து நிலம் காய்ந்த பின்னரே வேலியடைப்புத் தொடங்கும். பனையோலையாயின் அதை அடுக்கி மிதித்துப் பாரம் வைத்துத் தட்டையாக்கிக்கொள்வர். தென்னோலையாயின் நடுவே பிளந்து, நீரில் ஊறவைத்துக் கிடுகாகப் பின்னிக்கொள்வர். பழைய ஓலையைக் கழற்றியதும் அதை எரித்துவிடுவோர் இன்று பலர். அது பெரும் நட்டம். உக்கிய வேலியோலையைத் தோட்டத்து மண்ணிற் புதைத்துப் பசளையாக்கிய முன்னோர் ஒரு செலவில் இரு பயன் கண்டவர்கள்.

சேதமுற்ற வேலியைத் திருத்துவோர் முதலில் கதியாலைக் கையால் அசைத்துப் பார்த்தல் வேண்டும். ஓலை கிழிந்திருந்தும் கதியால் உறுதியாக நின்றால் இடையிடையே புதிய ஓலை செருகி ஓர் ஆண்டைக் கடத்தலாம். கதியால் பட்டுப்போயிருப்பின் மேற்பூச்சு வேலை பயன்படாது. அடியில் நாய் நுழையும் பொட்டு விழுந்திருந்தால் ஓலையை விடப் பனை மட்டையை நெருக்கமாக வரிந்து கட்டுவதே தக்கது. பட்ட கதியாலை அகற்றுமுன் அதன் அருகே புதியதை நாட்டிவிட வேண்டும் என்பது மூத்தோர் வழக்கம். அடி தெரியாமற் போனால் எல்லையும் தெரியாமற் போய்விடும்.

ஓலையை நிறுத்தி, இருபுறமும் வரிச்சு வைத்து, கயிறு கோத்த குத்தூசியால் கட்டுவதே இறுதி வேலை. ஒருவர் இப்பக்கமிருந்து ஊசியைக் குத்த, மற்றவர் அப்பக்கமிருந்து கயிற்றை வாங்கி, வரிச்சைச் சுற்றித் திருப்பிக் குத்துவார். தனியொருவரால் இது ஆகாது. அப்பக்கம் நிற்பவர் அயலவரின் வளவுக்குள்ளேயே நிற்கவேண்டும். ஆகவே அயலவரோடு முகங்கொடுத்துப் பேசாதவர் வேலியை அடைக்க இயலாது.

வடமராட்சிக் கிராமமொன்றில் நிகழ்ந்ததை இங்கே சொல்லலாம். 2008 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் 'நிஷா' புயல் குடாநாட்டைத் தாக்கியபோது, ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரின் வளவுக்கும் கைம்பெண் ஒருவரின் வளவுக்கும் இடையே இருந்த பொது வேலி சாய்ந்துவிட்டது. அம்மையார் மகளின் பிரசவத்துக்காக வேற்றூருக்குச் சென்றிருந்தார். மண்ணில் ஈரமிருக்கும்போதே நாட்டிவிடவேண்டும் என்று தபாலதிபர் கூலியாள் ஒருவரைக் கொண்டு ஏழு கதியால்களை நாட்டுவித்தார். அவரது எண்ணத்திற் பிழையில்லை. அயலவர் வருமுன் நாட்டியதே பிழை.

மாசி மாதம் அம்மையார் திரும்பிவந்து பார்த்தபோது கதியால்கள் தளிர்த்திருந்தன. அவற்றில் நான்கு தமது வளவுக்குள் நிற்பதாக அவருக்குத் தோன்றியது. சில நாள் அவர் வாய் திறக்கவில்லை. வேலியடைப்புக்கு ஓலை வந்திறங்கிய அன்று, படலையடியில் நின்று சொன்னார்:

"அண்ணை, ஓலை கட்டமுதல் ரண்டு மூலையிலும் நிக்கிற பூவரசிலை கயித்தைக் கட்டிப் பாருங்கோ."

கயிறு கட்டப்பட்டது. நான்கு கதியால்களும் ஒரு சாண் அளவு உள்ளே நின்றன.

"ஒரு சாண்தானே பிள்ளை. வேர் விட்டிட்டுது. இனிப் பிடுங்கினால் பட்டுப்போம்."

"என்ரை காணியெண்டால் விட்டிடுவன் அண்ணை. இது மகளுக்குச் சீதனமாய் எழுதின காணி. அவளின்ரை நிலத்தை நான் எப்பிடிக் குடுக்கிறது?"

தபாலதிபருக்கு மறுமொழி கிடைக்கவில்லை. சாண் நிலம் அற்பம் என்று நினைப்பவர்கள் சட்டத்தையும் எண்ணிப்பார்க்க வேண்டும். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, உரிமையாளரின் உரித்துக்கு மாறாகப் பத்தாண்டுகள் தடையின்றி ஆண்டு வந்த நிலத்துக்கு ஆள்பவர் உரிமை கோரலாம். இன்று தயவுக்காக மௌனமாயிருப்பவரின் பிள்ளைகள் பின்னொருநாள் நீதிமன்றப் படியேற நேரும். நில அளவையாளருக்கும் வழக்குக்கும் செல்லும் பணம் சாணளவு நிலத்தின் விலையைப் பன்மடங்கு விஞ்சிவிடும். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைகளுக்கும் இத்தகைய எல்லைப் பிணக்குகளைக் கொண்டு செல்லலாம். ஆயினும் அங்கே செல்வதற்கு முன் கயிறு ஒன்றைக் கட்டிப் பார்ப்பதற்குச் செலவில்லை.

அன்று வழி காட்டியவர் வேலியடைக்க வந்த முதியவரே. "கதியாலைப் பிடுங்க வேண்டாம் ஐயா. இந்த வருசம் கயித்து நேருக்குக் காய்ஞ்ச கம்பை நட்டு ஓலையைக் கட்டுவம். கார்த்திகை மழைக்கு உதுகளின்ரை கொப்பை வெட்டி நேரிலை நடலாம். பிறகு அடியை எடுத்துப்போடலாம்" என்றார். கதியாலின் கிளையே மறுகதியாலாகும் என்பதைத் தொழிலறிந்தவர் நினைவூட்ட வேண்டியிருந்தது. தபாலதிபர் உள்ளே சென்று தாள் கொண்டுவந்து, அந்த நான்கு கதியால்களும் அம்மையாரின் நிலத்தில் நிற்கின்றன என்றும், மாரியில் அகற்றப்படும் என்றும் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். அம்மையார் அதைச் சீதன உறுதியோடு சேர்த்துப் பெட்டகத்தில் வைத்தார்.

பின்னர் வந்த ஆண்டுகளில் அவ்வூரிலும் மதில்கள் எழுந்தன. போர்க்காலத்திற் காவலரண்களுக்காகப் பனைகள் பெருந்தொகையாகத் தறிக்கப்பட்டதால் ஓலை அருகியது, கூலியும் உயர்ந்தது. ஆண்டுதோறும் செலவு செய்வதைவிட ஒருமுறை செலவிட்டு மதில் கட்டுவோரைக் குறைகூற முடியாது. எனினும் மதில் எழுப்புவோர் வெள்ளம் வழிந்தோடும் வாய்க்காலை அடைத்துவிடாது பார்த்துக்கொள்ள வேண்டும். ஓலை வேலியின் அடியால் ஓடிய மழைநீர், மதிலடியிலே தேங்கி அயலவரின் முற்றத்தைக் குளமாக்கிய இடங்கள் பல உண்டு. மதில் விழுந்துபோன எல்லையை நேர்செய்வதில்லை. பிழையான கோட்டில் எழுந்தால் அப்பிழையைக் கல்லாக்கிவிடுகிறது. அத்திவாரம் வெட்டுமுன் இரு வீட்டாரும் உறுதிகளையும் வரைபடத்தையும் ஒருங்கே பார்த்தல் நலம்.

அந்தத் தபாலதிபரின் வேலி மட்டும் ஓலை வேலியாகவே இருந்தது. கார்த்திகையில் சொன்னபடி கொப்புகள் வெட்டி நாட்டப்பட்டன. கயிற்றின் ஒரு நுனியைத் தபாலதிபரும் மறுநுனியை அம்மையாரும் பிடித்து நின்றனர். வெட்டிய குழை அவ்வளவும் அம்மையாரின் ஆடுகளுக்குப் போயிற்று.