பேச்சை விட சீட்டே பலம்
(புல்வெட்டுக் குத்தகைத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பத்து ஏக்கர் புல்வெட்டு என்று பேசி ஏற்கிறோம். வேலை முடியும் நேரம், "ஆற்றோரத்தையும் சேர்த்து வெட்டு" என்கிறார் மானேஜர். மறுத்தால் அடுத்த குத்தகை போய்விடுமே என்று தலையாட்டுகிறோம். நட்டம் யாருக்கு? நம்மோடு கத்தி பிடித்த தாய்மாரின் கூலிக்கு!

ஆபீசில் கணக்கெழுதும் நாங்கள் சொல்கிறோம்: சீட்டில் இல்லாத ஏக்கர் கணக்கில் ஏறாது. கோபமும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். எந்த இடம், எத்தனை ஏக்கர், என்ன கூலி, எப்போது பணம் என்று முன்னதாகவே எழுதி வாங்குவோம். கூடுதல் வேலையா? "சீட்டுக் கொடுங்கள் ஐயா, நாளையே வெட்டுகிறோம்" என்போம்.

குத்தகைக்காரர் கூலி பாக்கி வைத்தால், வேலை கொடுத்த தோட்டமும் பொறுப்பு என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு. தொடர்ந்த 3 மாதக் கூலி வரைக்குமே அப்பொறுப்பு. 90 நாளுக்குள் முறையிட வேண்டும்.

ஒருவர் கேட்டால் முரடர் என்பார்கள். எல்லோரும் கேட்டால் அதுவே தோட்டத்து வழக்கமாகும். ஒன்றாய்க் கேட்போம்!