முதலில் அறை, பிறகு மைக்

நீங்கள் இருக்கும் அறையில் இப்போது ஒருமுறை ஓங்கிக் கைதட்டிப் பாருங்கள். ஓசை சட்டென்று அடங்கியதா, சுவருக்குச் சுவர் மோதி 'டிர்ர்' என்று இழுத்துத் தேய்ந்ததா? வீட்டில் பாட்டோ பேச்சோ பதிவு செய்ய நினைப்பவர்கள், கடைக்குப் போகும் முன் செய்யவேண்டிய சோதனை இது. காசு செலவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என் அம்மா பாடும் தாலாட்டுகளைப் பதிந்து வைக்க ஆசைப்பட்டேன். சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் கணினியில் நேராகச் செருகும் கண்டென்சர் மைக் ஒன்றை வாங்கினேன். கூடத்தில் அம்மாவை உட்கார்த்திப் பாடச் சொன்னேன். போட்டுக் கேட்டால், மின்விசிறியின் இரைச்சல், அடுத்த வீட்டுக் குக்கர் விசில், தெருவில் போன வண்டி எல்லாம் துல்லியமாக இருந்தன. அம்மாவின் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. மைக்கில் குறையில்லை. ஊசி விழுந்தாலும் கேட்கும் காதை, மொசைக் தரையும் வெற்றுச் சுவரும் உள்ள கூடத்தில் வைத்தது என் தவறு.

மறு வாரம் படுக்கையறைக்கு மாறினோம். இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்தினேன். கொடி கட்டி, கனத்த ஜமுக்காளங்கள் இரண்டைச் சுவரிலிருந்து அரைச்சாண் தள்ளித் தொங்கவிட்டேன். அந்த இடைவெளி முக்கியம். சுவரோடு ஒட்டிய துணியைவிட, தள்ளித் தொங்கும் துணி அதிக ஒலியை உள்வாங்கும். விசிறியை நிறுத்தினோம். அதே மைக்தான். இம்முறை, அடுத்த அடிக்கு முன் அம்மா மூச்சை இழுப்பது கேட்டது. தொட்டிலை ஆட்டும் பழக்கத்தில் கை அசைய, வளையல் மெல்லக் குலுங்குவதும் கேட்டது.

சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் போதும் என்று பலரும் சொல்வார்கள். மெல்லிய அட்டை எதிரொலியைப் பெரிதாகக் குறைக்காது. வெளிச்சத்தத்தை அட்டையும் தடுக்காது, ஜமுக்காளமும் தடுக்காது. தெரு அடங்கிய பின்னிரவைத் தேர்ந்தெடுப்பதுதான் அதற்கு வழி.

அறைக்கு அடுத்தது தூரம். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இருக்கட்டும். அதை இரண்டு சாணாக்கினால் குரல் நேராக மைக்கை அடையும் அளவு ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். அறையின் எதிரொலியோ குறையாமல் நிற்கும். 'ப', 'பா' என்னும்போது காற்று மோதினால் மைக்கைச் சற்றே ஓரமாகத் திருப்புங்கள். குரலுக்கான மைக்குகளில் பெரும்பாலானவை முன்பக்கம் நன்றாகக் கேட்கும், பின்பக்கம் மந்தமாகக் கேட்கும். அந்தப் பின்பக்கம் ஜன்னலைப் பார்க்கட்டும்.

இவ்வளவும் முடிந்தபின் பணத்தை எடுங்கள். முதலில் காதை முழுவதும் மூடும் ஹெட்போன் ஒன்று. குறை காதில் விழுந்தால்தானே திருத்த முடியும்? பிறகு மைக். அறையை அமைதிப்படுத்த வழியில்லாதவர்களுக்கு, கண்டென்சர் அளவுக்கு நுணுக்கமாகக் கேட்காத டைனமிக் மைக் நல்லது. மேடைகளில் நாம் பார்க்கும் உருண்டைத் தலை மைக், ஷூர் எஸ்.எம்.58, 1966-இல் வந்தது; இன்றும் விற்கிறது. இத்தகைய மைக்கைக் கணினியோடு இணைக்க ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற இணைப்புக் கருவி வேண்டும். ஸ்டுடியோ வகைக் கண்டென்சர் மைக்குக்கு அதிலிருந்து 48 வோல்ட் மின்சாரமும் போகவேண்டும். மென்பொருளுக்குச் செலவே வேண்டாம்; ஆடாசிட்டி இலவசம். 24 பிட்டில் பதியுங்கள். உச்சக் குரலில் பாடும்போதும் அளவுமானி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லை மீறிச் சிதைந்த ஒலியை முழுமையாக மீட்க முடியாது. மடிக்கணினியில் 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் வந்தால் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதிந்து பாருங்கள்.

எளிய கருவி எதுவரை போகும் என்பதற்கு ஒரு சான்று. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982-இல் நியூ ஜெர்சியில், தாம் தங்கியிருந்த வீட்டிலேயே நான்கு தடக் கேசட் கருவியில் சில பாடல்களை மாதிரிக்காகப் பதிந்தார். பிறகு இசைக்குழுவோடு ஸ்டுடியோவில் அவற்றைப் பதிந்து பார்த்தார்கள். வீட்டுக் கேசட்டில் இருந்த உயிர் அதில் வரவில்லை. கடைசியில் அந்தக் கேசட்டுப் பதிவே 'நெப்ராஸ்கா' என்ற இசைத்தொகுப்பாக வெளிவந்தது.

என் அம்மாவுக்கு இப்போது மேல்ஸ்தாயி எட்டுவதில்லை. ஜமுக்காளத்துக்கு நடுவே உட்கார்ந்து அன்று பாடிய ஒன்பது தாலாட்டுகள் என்னிடம் இருக்கின்றன. இன்னொரு புது மைக் வரட்டும் என்று நான் காத்திருந்தால் அவை இருந்திருக்காது. உங்கள் வீட்டிலும் பாடுகிறவர், கதை சொல்கிறவர் இருப்பார். இன்றிரவு ஒரு மெத்தையைச் சுவரோரம் நிறுத்துங்கள், விசிறியை நிறுத்துங்கள், கையிலிருக்கும் செல்பேசியிலேயே தொடங்குங்கள்.