எடுத்தலும் முகத்தலும்

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவைகளைப் பகுத்துரைப்பது தமிழர் மரபு. எடுத்தல் என்பது நிறுத்து அளப்பது. முகத்தல் என்பது கலத்தால் மொண்டு அளப்பது. யாழ்ப்பாணத்து இல்லங்களில் அரிசியும் பயறும் சுண்டாலும் கொத்தாலும் அளக்கப்பட்டன. பாலும் நல்லெண்ணெயும் போத்தற் கணக்கில் வாங்கப்பட்டன. சீனியும் வெண்ணெயும் இறாத்தற் கணக்கில் நிறுக்கப்பட்டன. 1970களில் இலங்கை மெற்றிக் அளவைக்கு மாறத் தொடங்கவே, இறாத்தலின் இடத்தைக் கிராம் பெற்றது. ஆயினும், தாய்மார் எழுதிவைத்த சமையற் கொப்பிகளில் இறாத்தலும் அவுன்சும் இன்றும் உள்ளன. கடல் கடந்து வாழும் உறவினர் அனுப்பும் குறிப்புகளிலோ கோப்பைக் கணக்கு வருகின்றது.

இங்கேதான் இடர்ப்பாடு எழுகின்றது. விலையுயர்ந்த வெண்ணெய் மிகுந்தால் கேக் நெய் கக்கி அமிழ்ந்துவிடும். குறைந்தால் வறண்டு உதிரும். ஒரு பிழையான கணக்கினால் முட்டையும் மாவும் சீனியும் சேர்ந்தே வீணாகின்றன.

அடிப்படைக் கணக்கு எளியது. ஒரு இறாத்தல் 454 கிராம். அரை இறாத்தல் 227 கிராம். ஒரு அவுன்சு ஏறக்குறைய 28 கிராம். அமெரிக்கக் கோப்பை ஒன்று 237 மில்லிலீற்றர் கொள்ளும். அதனை நீரால் நிரப்பினால் 237 கிராம் நிறை. வெண்ணெயால் நிரப்பினால் 227 கிராம், அதாவது அரை இறாத்தல். ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் சுமார் 14 கிராம். கொழுப்பு நீரினும் இலேசானது என்பதே இவ்வேறுபாட்டிற்குக் காரணம்.

ஆனால், கோப்பையை முற்றும் நம்புதல் கூடாது. கட்டியான வெண்ணெயை அடைக்கும்போது இடையிடையே வெற்றிடம் நிற்கும். நுரைக்க அடித்த வெண்ணெயிலோ காற்றுக் கலந்திருக்கும். யாழ்ப்பாணத்து வெயிலில் வெண்ணெய் விரைவில் இளகி, உருகவுந் தொடங்கும். இந்நிலைகளிலெல்லாம் கொள்ளளவு மாறும், நிறை மாறாது.

தராசு இல்லாத வீட்டிலும் நிறையை அறிய வழியுண்டு. அளவுக்கோடு இட்ட சாடியொன்றில் 500 மில்லிலீற்றர் குளிர்ந்த நீரை ஊற்றி, வெண்ணெய்க் கட்டியை அதில் இடவேண்டும். அது அடியையும் பக்கத்தையும் தொடாது மிதக்கும்போது நீர்மட்டம் 600இற்கு உயர்ந்தால், வெண்ணெயின் நிறை 100 கிராம். மிதக்கும் பொருள் தன் நிறைக்குச் சமமான நீரையே விலக்கும் என்று ஆர்க்கிமிடீசு கண்ட விதி இது. அதே கட்டியை மெல்லிய ஈர்க்கினால் நீருக்குள் முழுதும் அமிழ்த்தினால், மட்டம் இன்னுஞ் சிறிது உயரும். 500இலிருந்து எழும் மொத்த உயர்வு காட்டுவது கொள்ளளவு. ஒரே சாடி எடுத்தலையும் முகத்தலையும் ஒருங்கே உரைக்கின்றது.

நெய் உருக்குவோர் மற்றொன்றையும் கருதவேண்டும். கடை வெண்ணெயில் நூற்றுக்கு 80 பங்களவே கொழுப்பு. எஞ்சியதிற் பெரும்பகுதி நீர். ஆகவே 100 கிராம் நெய் பெற 125 கிராம் வெண்ணெய் வேண்டும். வீட்டில் மத்தினாற் கடைந்து எடுத்த வெண்ணெயில் நீர் இன்னும் மிகுந்திருக்கக்கூடும். அதனைப் பிழிந்து நீரகற்றிய பின்னரே அளத்தல் நன்று. குறிப்பில் நெய் என்றிருக்கும் இடத்தில் அதே அளவு வெண்ணெயை இடுவோர், கொழுப்பைக் குறைத்து நீரைக் கூட்டுகின்றனர்.

கொப்பியிலுள்ள ஒவ்வோர் இறாத்தற் கணக்கின் அருகிலும் கிராமை ஒருமுறை எழுதிவைத்தால், அடுத்த தலைமுறைக்கு அது பெருந்துணையாகும். கைப்பழக்கம் கற்றவரோடு போய்விடும். எழுதிய அளவு வீட்டோடு நிற்கும்.