புகை நீங்கிய சுவை

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்கு வடக்கே, 1833-இல் உரிமம் பெற்ற கிளென்கோய்ன் விஸ்கி வடிசாலை உள்ளது. முளைவிட்ட வாற்கோதுமையைப் பீட் எனும் சதுப்புநிலக் கரியின் புகையில் உலர்த்துவது அந்நாட்டின் பழவழக்கு; இங்கோ புகை படாத, வெங்காற்றில் உலர்ந்த தானியமே கொள்ளப்படுகிறது.

சுவைஞர் வாய்குறுகிய கிண்ணத்தில் சிறிதே ஊற்றி, முதலில் மணம் நுகர்கிறார். சில துளி நீர் சேர்க்கிறார். பின்னரே நாவில் நிறுத்துகிறார். புகை முந்திக்கொள்ளாமையால் பச்சை ஆப்பிளும், பாகும், ஷெர்ரி ஊறிய ஓக் பீப்பாயின் சாயலும் ஒவ்வொன்றாய்ப் புலப்படுகின்றன.

இத்தூய்மை எளிதன்று. வடித்தலில் பிழை நேரினும், பீப்பாய் பழுதாயினும், மறைத்துக் காக்கப் புகை இல்லை. அணிகளைத் துறந்த கவிதையின் நிலையும் அதுவே. துறந்ததைச் சொல்லிப் பெருமை கொள்ளும் கவிஞரிடம், எஞ்சியது யாதெனச் சுவைஞர் கேட்பர். அங்கே தானியத்தின் சுவை இருத்தல் வேண்டும்.